தொட்டால் ஒரு மார்க்

கத்தி விளையாட்டை உலகப் போட்டியாக ஆக்கலாமா கூடாதா என்று எங்கள் தெருவில் ஒரு வருஷம் முழுக்கப் பேசினார்கள். டீக்கடையில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள், ஹார்பர் வேலைக்குப் போகும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே பேசினார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கத்தியைப் பிடிக்கிறவர் என் புருஷன். அந்தக் கத்திக்கு முன்னால் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் என் கூடப் பிறந்த அண்ணன். இதில் என்னைவிடப் பேசப் பாத்தியதை உள்ளவர் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் ரயில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் தெரு. வீட்டுக்காரருக்கு ராயபுரம் பக்கம் ஹார்பரில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. அண்ணனுக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேகன்களுக்குக் கொக்கி மாட்டுகிற வேலை. எனக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிற வேலை. அண்ணி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அதனால் அண்ணனுக்கு இரண்டு வேளைச் சோறு எங்கள் வீட்டில்தான்.

எங்கள் விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாசம் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று சாயங்காலம் கத்தி விளையாட்டு நடக்கும். நிஜக் கத்தி. வருஷம் முழுக்கக் கோயில் அறையில் பூட்டிக் கிடக்கும், அன்றைக்கு மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்கி வெளியே எடுப்பார்கள். இரண்டு பேர் ஜோடி போடுவார்கள். ஒரு தடவை ஜோடி போட்டால் ஆயுசுக்கும் அதே ஜோடிதான். கையில் உள்ள பலத்தையெல்லாம் போட்டு வீச வேண்டும், ஆனால் எதிராளியின் தோலுக்கு மேலே கத்தி நின்றுவிட வேண்டும். நடுவில் ஒரு நூல் நுழைந்தால் போதும். கத்தி மேலே பட்டுவிட்டால் பட்டவன் தோற்கவில்லை, வீசினவன்தான் தோற்றான். "தொட்டவன் தோத்தவன்" என்பது எங்கள் தெருவில் பிள்ளைகள் கோலி ஆடும்போதுகூடச் சொல்கிற பேச்சு.

தொட்டுவிட்டவனுக்கு அபராதம் உண்டு. யார் மேலே கத்தி பட்டதோ அவர்கள் வீட்டுக்கு ஒரு மாசம் தெருக் குழாயிலிருந்து தண்ணீர் தூக்கிக் கொட்ட வேண்டும். ஆம்பளை இடுப்பில் குடத்தோடு போனால் தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்குக் கல்யாணம் ஆனதே அப்படித்தான். இவர் ஒரு ஆடியில் அண்ணன் முழங்கையில் லேசாக உரசிவிட்டார். சின்னக் கீறல்தான், மஞ்சள் வைத்தால் ஆறிவிடும். அதற்காக ஒரு மாசம் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கினார். நான் வேண்டுமென்றே அண்டாவைக் காலி செய்து வைப்பேன். "இன்னாமே, குடிக்கிறீங்களா, குளிக்கிறீங்களா?" என்று கேட்டார். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான், மாசம் முடிந்ததும் கேட்டுக் கட்டி வைத்துவிட்டான்.

கடைசி வீச்சுதான் பெரிசு. ஜோடியில் ஒருவன் தன் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். மேளத்தை நிறுத்திவிடுவார்கள். மற்றவன் தலைக்கு மேலிருந்து சாய்த்து இறக்கி, கழுத்துப் பக்கத்தில் நிறுத்துவான். நிற்கிறவன் கண்ணை மூடக் கூடாது, நகரக் கூடாது. நகர்ந்தால் தப்பு அவனுடையது. எங்கள் வீட்டில் நிற்கிறவன் எப்போதும் அண்ணன், நிறுத்துகிறவர் எப்போதும் இவர். கல்யாணத்துக்கு அப்புறம் ஒவ்வொரு ஆடியும் அப்படித்தான். முடிந்ததும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு கூழ் குடிக்க வருவார்கள், நான் திட்டிக்கொண்டே ஊற்றுவேன்.

அந்த வருஷம் மாசி வாக்கில், கத்தி விளையாட்டுக்கென்று சங்கம் ஆரம்பித்திருந்த ஒரு சங்கத்துக்காரர் வந்தார். பட்டாளத்தில் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மடித்த சட்டைக்கை, மடங்காத முதுகு. சண்டைக் காலத்தில் பல தேசம் பார்த்தவராம். அங்கே அவரவர்கள் ராஜாக் காலத்துக் கத்திச் சண்டையை எடுத்துச் சட்டம் போட்டு, முகமூடி போட்டு, மார்க் போட்டு விளையாட்டாக ஆக்குகிறார்களாம். நம் கத்தியும் அந்த மேடையில் ஏற வேண்டும் என்றார். பினாங்கில் நாலைந்து தேசத்து ஆட்கள் சேர்ந்து ஒரு பந்தயம் வைக்கப் போகிறார்கள், நம் பக்கத்திலிருந்தும் ஆள் அனுப்ப வேண்டும் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, கீழே பாயில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

அண்ணன் மயங்கிவிட்டான். அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. யார்டில் ஏதாவது திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வரும், கத்தி பிடிக்கிற கை என்று இவர்களைத்தான் விசாரிக்கும். "கத்தி எடுத்தா ரவுடின்றான். சங்கம் வெச்சு எடுத்தா வீரன்றான். அப்போ சங்கம் வெச்சிக்கலாமே, இன்னா போச்சு?" என்று கேட்டான். டீக்கடையில் பாதிப் பேர் அவன் கட்சி. மீதிப் பேர், அம்மனுக்கு ஆடுகிற ஆட்டத்தை வெள்ளைக்காரன் எதிரில் மார்க்குக்கு ஆடுவதா என்றார்கள். இவர் வாயைத் திறக்கவே இல்லை. இவர் சுபாவம் அப்படி. பேசுகிறதற்கு அண்ணன் இருக்கிறானே என்று விட்டுவிடுவார்.

ஆள் பொறுக்குவதற்கு ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தயம் வைத்தார்கள். நிஜக் கத்தி கிடையாது. மரக்கத்தியில் துணி சுற்றி, துணி துவைக்கிற நீலத்தில் முக்கிக் கொடுத்தார்கள். எதிராளியின் வெள்ளை பனியனில் நீலம் பட்டால் ஒரு மார்க். எங்கள் தெருவே கிளம்பிப் போயிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். அப்படி ஒரு ஆட்டத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. காற்று கிழிகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீச்சும் நெஞ்சுக்கு முன்னால், காதுக்கு முன்னால், விலாவுக்கு முன்னால் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். மணி அடித்ததும் இரண்டு பனியனையும் பார்த்தார்கள். ஒரு பொட்டு நீலம் இல்லை. மார்க் எழுதுகிறவர்கள் இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டார்கள்.

மார்க் போட்டவர்களில் ஒருவர், "இவர்கள் சண்டை போடுகிறார்களா, நாடகம் ஆடுகிறார்களா?" என்று கேட்டார். எங்கள் தெருவில் ஒரு கிழவர் எழுந்து, "யோவ், ஒண்ணுகூட படல, பாத்தியா? அதான்யா ஆட்டம்!" என்று கத்தினார். அவர்களுக்குப் புரியவில்லை. எங்களுக்கும் அவர்களைப் புரியவில்லை. சங்கத்துக்காரர் மைதானத்துக்குள் ஓடி வந்து, இவர் தோளைப் பிடித்து, "தொடப்பா! தொட்டால்தான் மார்க். உன் கை இருக்கிற வேகத்துக்கு உன்னை ஒருத்தனும் தொட முடியாது. நீ தொடு, போதும்" என்றார். இவர் சிரித்துக்கொண்டு, "தொட்டா தோத்துடுவேனே சார்" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார்.

அண்ணனுக்கு வயது தாண்டிவிட்டது என்று தள்ளிவிட்டார்கள். இவரை எடுத்துக்கொண்டார்கள். தொடக் கற்றுக்கொண்டால் பினாங்குக்குக் கப்பல் ஏறலாம் என்றார்கள். நாள் முழுக்கக் கப்பலில் மூட்டை ஏற்றுகிற மனுஷர், ஒரு நாளும் கப்பலில் போனது கிடையாது. ஆனாலும் இவர் ஆசைப்பட்டாரா என்றால், இல்லை. அண்ணன்தான் ஆசைப்பட்டான். "நான் போக முடியல. நீ போனா நான் போன மாதிரி மாப்ள. என் மேல அட்ச்சு பழகு" என்றான்.

அப்போதே நான் சொன்னேன். "அண்ணா, இந்தக் கைதான் ஆடியில ஒன் கழுத்துக்கு வருது. அதுக்குத் தொட கத்துக் குடுக்கறியே, மறக்காம நிக்குமா?"

"போமா. சாமி ஆட்டம் வேற, சங்கத்து ஆட்டம் வேற. கைக்குத் தெரியாதா?"

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்றேன். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். இவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பங்குனியிலிருந்து பழக ஆரம்பித்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கடற்கரைப் பக்கம் போவார்கள். சங்கத்துக்காரர் கொடுத்த பஞ்சு மெத்தைச் சட்டையை அண்ணன் போட்டுக்கொள்வான், தலைக்குக் கம்பிவலை மாட்டிக்கொள்வான். இவர் அடிக்க வேண்டும். முதலில் இவரால் முடியவே இல்லை. வீசுவார், நிறுத்திவிடுவார். "தொடுடா!" என்று அண்ணன் கத்துவான். மறுபடி வீசுவார், மறுபடி நிறுத்திவிடுவார். ஒரு நாள் வெறுத்துப்போய் மரக்கத்தியை மணலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். "பேஜாரா கீது மச்சான், கை கேக்கமாட்டேன்னுது" என்றாராம். அண்ணன் விடவில்லை. தினமும் இழுத்துக்கொண்டு போனான்.

கையும் மெள்ள மெள்ளக் கேட்டது. அண்ணன் பனியனில் முதலில் ஒரு நீலம், அப்புறம் இரண்டு, அப்புறம் எண்ண முடியாதபடி. அந்த பனியன்களைத் துவைத்தவள் நான். எவ்வளவு கசக்கினாலும் நீலம் போகாது. அண்ணன் அதைக் கொடியில் காயப்போட்டு, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுவான். "பாரு, பாரு, நெஞ்சுல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. மாப்ள கை பேசுது!" என்பான். கழுத்துப் பட்டியில் இருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நான் பனியனைப் பிழிவேன்.

எங்களுக்கு அப்போது ஒரு பெண் குழந்தை. பேச ஆரம்பித்த வயது. இவர் வேலையிலிருந்து வந்ததும் துண்டைச் சுழற்றி அவள் மூக்குக்கு நேரே வீசி நிறுத்துவார். அவள் கெக்கெக்கே என்று சிரித்து, "இன்னொரு தபா" என்பாள். அவள் பிறந்ததிலிருந்து நடக்கிற விளையாட்டு. ஒரு நாளும் பட்டதில்லை. ஆனி மாசம் ஒரு நாள் துண்டு நிற்கவில்லை. கன்னத்தில் சுளீர் என்று விழுந்தது. குழந்தை அழவில்லை முதலில், அப்பா முகத்தைப் பார்த்தது, அப்புறம்தான் வீறிட்டது. இவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "துண்டுதானே" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அண்ணன் சாப்பிட வந்தபோது நான் விஷயத்தைச் சொன்னேன். இந்த வருஷம் ஆடியில் இரண்டு பேரும் இறங்கக் கூடாது என்றேன். காலில் விழுகிறேன் என்றேன். இவர் உடனே, "எனக்கும் வேணாம்னுதான் கீது மச்சான். பினாங்கு போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்றார். அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாம எறங்கலன்னா தெருவுல இன்னா சொல்லுவான்? சங்கத்துக்கு வித்துட்டானுங்கன்னு சொல்லுவான். இந்த வருஷம் ஸ்டேஷன்ல பர்மிசன் வாங்கிக் குடுத்ததே அந்த சார்தான். பெரிய ஆளுங்கள இட்டுகினு வராரு, பாக்கறதுக்கு. மாப்ள, ஒன் கைய நானே நம்பலன்னா வேற எவன் நம்புவான்?"

"ஒன் கழுத்துண்ணா அது" என்றேன்.

"என் கழுத்துதானே? எனக்கு இல்லாத பயம் ஒனக்கு இன்னாத்துக்கு?"

அதற்கு மேல் பொம்பளை பேச்சு எடுபடவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் பேச்சைத் தட்டி இவருக்குப் பழக்கமில்லை.

ஆடிக் கூழ் அன்று சங்கத்துக்காரர் வந்திருந்தார். அவரோடு கோட்டுப் போட்ட ஆட்கள், அவர்களுக்கு நாற்காலி. தெருப் பெண்களெல்லாம் கூழ்ச்சட்டிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்கு முதல் வரிசை, எப்போதும் அதே இடம். ஆட்டம் நன்றாகத்தான் நடந்தது. நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் இவர் கை நின்றது. அண்ணன் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்கிற மாதிரி ஒரு புருவத்தைத் தூக்கினான். அப்புறம் தன் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். மேளம் நின்றது.

எல்லாரும் கத்தியைப் பார்ப்பார்கள். என்னால் அதைப் பார்க்க முடியாது. கழுத்தையும் பார்க்க முடியாது. ஆனாலும் எழுந்து போகவும் மாட்டேன். அதனால் நான் அண்ணன் காலைப் பார்ப்பேன். மஞ்சள் தண்ணீர் தெளித்த மண்ணில் இரண்டு பாதம். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், முடிந்ததும் ஊர் விசில் அடிக்கும், நான் மூச்சு விடுவேன். அன்றைக்கும் அந்தப் பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் வரவில்லை. ஈரத் துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாதங்கள் அதே இடத்தில்தான் இருந்தன. கட்டை விரல்கூட அசையவில்லை. அப்புறம் முட்டி மடிந்தது.

கத்தி கழுத்தில் இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியிருந்தது. யாரோ வேட்டியைக் கிழித்து அடைத்தார்கள். ஒரு லாரியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இவர் லாரியின் பின்பக்கம் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கூழ்ச்சட்டியை மூடிவிட்டு வந்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாளிலிருந்து எனக்கு உள்ளே எதுவோ மரத்துப் போய்விட்டது. உறைக்கிறது, தெரிகிறது, ஆனால் வலிக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் நரம்பு அறுந்துவிட்டது, வலது கை இனிமேல் தூக்க வராது என்றார்கள். போலீஸ்காரர் கட்டில் பக்கத்தில் நின்று, எப்படி ஆயிற்று என்று கேட்டார். அண்ணன் வாய் திறந்த முதல் பேச்சு அதுதான். "நான்தான் சார் நகந்துட்டேன். பயந்துட்டேன். அவன் மேல தப்பில்ல" என்றான். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். இவர் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் வெளுத்துக் கிடந்த இவர் முகத்தில் உயிர் வந்தது.

எல்லாரும் போன பிறகு அண்ணனிடம் சொன்னேன். "நீ நகரல. நான் காலப் பாத்துகினு இருந்தேன்."

"காலப் பாத்தவ நீ ஒருத்திதான். வாய மூடிகினு இரு" என்றான். பேசினாலே அவனுக்கு வலித்தது. "அவன் கைதான்னு தெரிஞ்சா அவன் அத்தோட முட்ஞ்சான். அவன் பினாங்கு போவணும். நான் நகந்தேன். அவ்ளோதான்."

அந்த வார்த்தையைத் தெரு அப்படியே எடுத்துக்கொண்டது. நிற்கிறவன் நகர்ந்தால் தப்பு அவனுடையது, அதனால் இவர் தண்ணீர்கூடத் தூக்க வேண்டியிருக்கவில்லை. "கழுத்துக்கு வந்தது கையோட போச்சே, அம்மா காப்பாத்திட்டா" என்றார்கள் பெண்கள். ஆம்பளைகள் அண்ணனுக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால், வயசாயிட்டா பயம் வந்துடுது என்று பேசிக்கொண்டார்கள். ஜன்மத்தில் ஒரு தடவைகூடக் கண்ணைச் சிமிட்டாத மனுஷனைப் பற்றி அப்படிப் பேசினார்கள். அண்ணன் காதில் விழுந்தது. பீடியை இடது கையால் பற்றவைக்கப் பழகிக்கொண்டிருந்தான், அதே கவனமாக இருந்தான்.

கூட்ஸ் யார்டில் அவனைக் கேட்டில் உட்கார வைத்தார்கள், லாரி வந்தால் திறக்கிற வேலை. இவர் பினாங்குக்குப் போனார். போகமாட்டேன் என்றுதான் சொன்னார், அண்ணன்தான் விரட்டி அனுப்பினான். நான் ஹார்பருக்குப் போய் வழியனுப்பினேன். கையை ஆட்டு என்று குழந்தையிடம் சொன்னேன், ஆட்டினாள். ஒரு கோப்பையோடு திரும்பி வந்தார். "எப்படி இருந்துச்சு?" என்று அண்ணன் ஆசையாகக் கேட்டான். "தொட்டதுக்கெல்லாம் கை தட்டுனாங்க மச்சான்" என்றார் இவர். அண்ணன் கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்கு எடுத்துப் போனான்.

சங்கத்துக்காரருக்கு அண்ணன் கை ஒரு காரணமாகப் போயிற்று. பாதுகாப்பில்லாத ஆட்டம் இப்படித்தான் ஆகும், அதனால்தான் முகமூடியும் சட்டமும் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். அண்ணனையும் மேடையேற்றிப் பேசச் சொன்னார். அண்ணன் ஏறி, தொங்குகிற கையோடு நின்று, "நான் பயந்து நகந்துட்டேன். முகமூடி இருந்தா எனக்குப் பயம் வந்திருக்காது" என்றான். கை தட்டினார்கள். நான் கீழே உட்கார்ந்து கேட்டேன். மனசில் ஒன்றும் எழவில்லை. பக்கத்தில் இருந்தவள் வெற்றிலை கொடுத்தாள், வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

உலகப் போட்டியாக ஆக்கலாமா என்று கேட்டால், தாராளமாக ஆக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். முகமூடி போட்டுக்கொண்டு மார்க்குக்குத் தொடுகிறவர்கள் தொடட்டும், அதில் ஒரு பாவமும் இல்லை. சாமிக்கு முன்னால் நிறுத்துகிறவர்கள் நிறுத்தட்டும். ஒரே கைக்கு இரண்டையும் கொடுக்காதீர்கள். சங்கத்தில் படித்தவர்கள் எல்லாச் சட்டமும் எழுதினார்கள், இதை எழுதவில்லை. எழுத அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை, தெரிந்த நாங்கள் சொல்லவில்லை.

அடுத்த ஆடி நெருங்கியது. கோப்பை வாங்கி வந்த கை சும்மா இருக்கலாமா என்று தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணனுக்குக் கை போய்விட்டதால், ஜோடியில் அவன் இடத்தில் நிற்க வேறு ஒருவன் வந்தான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிற பெண்ணின் புருஷன். அவள் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. "எங்க வூட்டுக்காரு ஒங்க வூட்டுக்காரோட ஜோடி போடப் போறாராம்கா!" என்று கம்பெனியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இவர் எதிரில் வந்து குந்தினார்.

"ஒண்ணு கேக்கறேன். நெஜத்த சொல்லு. மச்சான் நகந்தாரா?"

நான் புடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு அந்த நேரம் ஒண்ணும் தெரியல. நிறுத்துனேன்னுதான் நெனப்பு. மச்சான் நகந்திருந்தா என் கை நல்ல கை. இந்தப் பையனோட ஜோடி போடுவேன். நகரலன்னா..." கையை விரித்துப் பார்த்தார். "நீதான் முன்னால ஒக்காந்துகினு இருந்தே."

அண்ணன் சொன்னது ஞாபகம் இருந்தது. அண்ணன் மேடையில் நின்றதும் ஞாபகம் இருந்தது. மாரியம்மனுக்கு முன்னால் நகராத ஒருத்தன், நகர்ந்தேன் என்று ஊர் முன்னால் சொல்லி, தன் மானத்தைக் கழற்றி இவருக்குப் போட்டிருந்தான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வர வேண்டுமே. ஆனால் வேறு ஒரு பெண் அடுத்த மாசம் கூழ்ச்சட்டிக்குப் பின்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் காலைப் பார்க்க மாட்டாள், கத்தியைத்தான் பார்ப்பாள்.

"நகரல" என்றேன். "காலு அப்படியே இருந்துச்சு. ஒன் கைதான் நிக்கல."

இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்தப் பையன் வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து நேரே சங்கத்துக்குப் போய், கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சங்கத்துக்காரர் பதறிக்கொண்டு வீடு தேடி வந்தார், அடுத்த பந்தயம் இன்னும் பெரிசு, கேப்டனாகவே போகலாம் என்று கெஞ்சினார். "தொடவும் வேணாம், நிறுத்தவும் வேணாம் சார். இந்தக் கை மூட்டை தூக்கறதுக்குப் போதும்" என்றார் இவர். அதற்குப் பிறகு கத்தியை அவர் கையில் நான் பார்த்ததில்லை. சங்கம் நின்றுவிடவில்லை. வேறு தெருப் பையன்கள் போனார்கள், ஜெயித்தும் வந்தார்கள்.

கோப்பை திரும்பிப் போன செய்தி கேட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அண்ணன் வந்தான். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றான்.

"நீ சொன்னியா?"

"சொன்னேன்ணா. இன்னொருத்தி புருஷன் வந்து நிக்கறான். அவன் கழுத்து இன்னாவறது?"

அண்ணன் தலையை ஆட்டினான். நான் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"அவன் கழுத்தக் காப்பாத்திட்டே, சரி" என்றான். "என் கைய நான் சும்மா குடுத்தேன்னு ஆக்கிட்டியேம்மா."

தெருவில் இறங்கிப் போனான். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தான், என்னோடு பேசவில்லை.